ஒத்திக்கு கொடுத்த பணத்துக்கு காகிதம் எங்கே? வாடகை வீடு தேடி அலையும் தூத்துக்குடி, சாயர்புரம் தொழிலாளர்கள்

சாயர்புரம்:-

வேலை தூத்துக்குடியில். வீடு சாயர்புரத்தில். நடுவில் சுமார் 20 கிலோ மீட்டர் டவுன் பஸ் பயணம். இந்தப் பக்கத்தில் பல தொழிலாளர் குடும்பங்களின் பிழைப்பு இப்படித்தான் ஓடுகிறது.

டவுனுக்குள் வாடகை கட்டுப்படியாகவில்லை என்று வெளியே வந்தவர்கள் இவர்கள். இப்போது வெளியிலும் வீடு கிடைப்பது குதிரைக் கொம்பாகி வருகிறது என்ற பேச்சு டீக்கடைகளில் அடிபடுகிறது.

வீடு கிடைப்பது ஒரு கஷ்டம் என்றால், கிடைத்த பிறகு வருவது அதைவிட பெரிய கஷ்டம். நகையை அடகு வைத்தும், சீட்டு எடுத்தும் சேர்த்த பணத்தை அட்வான்ஸ் என்றும் ஒத்தி என்றும் கொடுத்துவிட்டு, அதற்கு உருப்படியான ஒரு காகிதம் கூட வாங்காமல் குடியேறிவிடுகிறார்கள். காலி செய்யும் நாளில்தான் தலையில் கைவைக்க வேண்டி வருகிறது.

இது பற்றிய அலசல் வருமாறு:-

வீடில்லாதவர்களுக்காக வாங்கிய ஊர்

சாயர்புரம் என்ற பெயரே ஒரு வீட்டுக் கதைதான். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாமுவேல் சாயர் என்ற வணிகர் இங்கே நிலம் வாங்கினார். மதம் மாறியதால் சொந்த ஊரில் இருக்க முடியாமல் தவித்தவர்கள் குடியேறுவதற்காக வாங்கிய நிலம் அது. அவர் பெயரே ஊருக்கும் நிலைத்துவிட்டது.

பிறகு 1840-களில் ஜி.யு.போப் இங்கே வந்து பள்ளிக்கூடம் நடத்தினார். திருக்குறளையும், திருவாசகத்தையும் ஆங்கிலத்துக்கு கொண்டுபோன அதே போப்தான். அவர் பெயரில் 1962-ல் கல்லூரியும் வந்தது. படிப்பு வந்ததும் வாத்தியார், மாணவர் என்று வெளியூர் ஆட்களும் வந்தார்கள். வாடகை வீடு என்பது இந்த ஊருக்கு புதுசு அல்ல.

முத்துநகருக்கு வரும் கூட்டம்

தூத்துக்குடி வளர்ந்ததே வெளியூர் ஆட்களால்தான். 1974-ல் துறைமுகம் நாட்டின் பெரிய துறைமுகங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டி ஸ்பிக் உர ஆலை, அனல் மின் நிலையம், கன நீர் ஆலை என்று அடுத்தடுத்து வந்தன.

இந்த ஆலைகள் வந்தபோது நிரந்தர ஊழியர்களுக்கு குவார்ட்டர்ஸ் கட்டினார்கள். ஸ்பிக் நகர், அனல் மின் நிலைய கேம்ப், துறைமுக குடியிருப்பு எல்லாம் அப்படி வந்தவைதான். ஆனால் காண்டிராக்ட் தொழிலாளிக்கு குவார்ட்டர்ஸ் கிடையாது. அவர் முத்தையாபுரம் பக்கமோ, மடத்தூர் பக்கமோ தானாகத்தான் வீடு தேட வேண்டும். அன்றைக்கும் அதே கதை. இன்றைக்கும் அதே கதை.

2008-ல் தூத்துக்குடி மாநகராட்சி ஆனது. 2024-ம் ஆண்டு பிப்ரவரி 25-ந்தேதி சிப்காட்டில் வியட்நாம் நாட்டின் வின்பாஸ்ட் மின்சார கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந்தேதி ஆலை திறக்கப்பட்டது. முதல் கட்டத்தில் வருடத்துக்கு 50 ஆயிரம் கார்கள், 3 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை என்பது கணக்கு.

அதே 2025 ஜூலை 26-ந்தேதி வாகைக்குளம் விமான நிலையத்தில் புதிய முனையம் திறக்கப்பட்டது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது.

இவை எல்லாம் மாவட்டத்துக்கு நல்ல சேதிதான். ஆனால் வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ராத்திரி தலைசாய்க்க ஓர் இடம் வேண்டும். கூடுதல் சம்பளக்காரர் கூடுதல் வாடகை கொடுக்க தயாராக இருப்பார். அந்த வேகத்தில் பின்னால் தள்ளப்படுகிறவர் தினக்கூலிக்காரர்.

பிரையண்ட் நகர், டூவிபுரம், மில்லர்புரம் என்று தேடியவர் அடுத்து கோரம்பள்ளம், புதுக்கோட்டை என்று வெளியே போகிறார். அதற்கும் அடுத்து சாயர்புரம், ஏரல். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்சில் பெண்களுக்கு கட்டணம் இல்லை என்று ஆனதால், தூரத்தில் வீடு எடுத்தாலும் வேலைக்குப் போகும் பெண்களுக்கு பஸ் செலவு மிச்சம் என்ற கணக்கும் சேர்ந்துகொண்டது.

"நீங்க என்ன ஆளுக?"

வீடு தேடிப் போனவர்களை கேளுங்கள். முதல் கேள்வி எத்தனை பேர் என்பது. இரண்டாவது என்ன வேலை. மூன்றாவது கேள்விதான் பலருக்கு தொண்டையில் முள். "அண்ணாச்சி, நீங்க என்ன ஆளுக?"

சில இடங்களில் நேரடியாகவே கேட்பார்கள். சில இடங்களில் சுற்றி வளைத்து எந்த ஊர், எந்த தெரு, எந்த கோவில் என்று கேட்டு கண்டுபிடிப்பார்கள். பதில் பிடிக்காவிட்டால் "இப்பதான் வேற ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனார்" என்பார்கள். டூ-லெட் போர்டு மட்டும் மறுநாளும் அதே இடத்தில் தொங்கும்.

கல்யாணம் ஆகாத வாலிபர்கள், கணவனை இழந்த பெண்கள், திருநங்கைகள், வடமாநில தொழிலாளர்கள் ஆகியோருக்கு இந்த வாசல்படி இன்னும் உயரம். மீன் வாசம் வரும் என்று கடலோடு பிழைப்பவருக்கே கதவை சாத்துவதும் கடலோர ஊர்களில் நடக்கிறது.

வாடகை பற்றிய சட்டம் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். வீடு தர மறுக்கும் வாசலில் அந்தச் சட்டத்துக்கு வாய் இல்லை. ஆக, நாலு இடத்தில் மறுக்கப்பட்டு ஐந்தாவது இடத்தில் வீடு கிடைக்கும்போது தொழிலாளி கேள்வியே கேட்பது இல்லை. ரசீது கேட்டால் வீடு போய்விடுமோ என்ற பயம். ஏமாற்றத்துக்கு விதை விழும் இடம் இதுதான்.

அட்வான்ஸ் கணக்கு

ஒரு உதாரணம் பார்ப்போம். தினம் ரூ.700 கூலி வாங்கும் லோடுமேன் ஒருவர். மாதம் 25 நாள் வேலை கிடைத்தால் ரூ.17 ஆயிரத்து 500.

அவர் பார்க்கும் லைன் வீட்டுக்கு வாடகை ரூ.5 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். பத்து மாத அட்வான்ஸ் என்றால் ரூ.50 ஆயிரம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை ரூ.5 ஆயிரம். முதல் மாத வாடகை ரூ.5 ஆயிரம். சாமான் ஏற்ற குட்டியானை வண்டிக்கு ரூ.2 ஆயிரம். மொத்தம் ரூ.62 ஆயிரம்.

அதாவது ஒரு பைசா செலவு செய்யாமல் மூன்றரை மாதம் உழைத்தால்தான் ஒரு வீட்டுக்குள் கால் வைக்க முடியும். மாதா மாதம் ரூ.5 ஆயிரம் கட்ட அவரால் முடியும். மொத்தமாக ரூ.62 ஆயிரம் புரட்ட முடியாது. எனவே வாடகை வீட்டுப் பிரச்சினையில் கழுத்தைப் பிடிப்பது பெரும்பாலும் வாடகை அல்ல, அட்வான்ஸ்.

ஒத்தி என்னும் கவர்ச்சி

இங்கேதான் ஒத்தி வருகிறது. சென்னையில் போகியம், லீஸ் என்பார்கள். நெல்லை, தூத்துக்குடி, மதுரை பக்கம் ஒத்தி.

ரூ.3 லட்சமோ, ரூ.5 லட்சமோ மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். மாத வாடகை கிடையாது. பேசிய காலம் முடிந்ததும் வீட்டை ஒப்படைத்துவிட்டு கொடுத்த பணத்தை அப்படியே வாங்கிக்கொள்ளலாம். வீட்டுக்காரருக்கு வட்டி இல்லாத பணம். குடியிருப்பவருக்கு வாடகை இல்லாத வீடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ரூ.5 ஆயிரம் வாடகை போகும் வீட்டை ரூ.3 லட்சத்துக்கு ஒத்திக்கு எடுக்கிறார் ஒருவர். வருடத்துக்கு ரூ.60 ஆயிரம் வாடகை மிச்சம். பணம் சொந்த சேமிப்பாக இருந்தால் லாபம்.

வங்கியில் நகையை வைத்து வருடத்துக்கு 10 சதவீத வட்டியில் வாங்கிய பணம் என்றால் வட்டி ரூ.30 ஆயிரம். அப்போதும் ரூ.30 ஆயிரம் மிச்சம்.

ஆனால் வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் ரூ.6 ஆயிரம், வருடம் ரூ.72 ஆயிரம். ரூ.12 ஆயிரம் நஷ்டம். மூன்று வட்டி என்றால் வருடம் ரூ.1 லட்சத்து 8 ஆயிரம். ரூ.48 ஆயிரம் நஷ்டம். வாடகை இல்லாத வீடு என்று நினைத்தவர், வாடகையை விட அதிகமாக வட்டிக்காரருக்கு கட்டிக்கொண்டு இருப்பார். தமிழகத்தில் கந்து வட்டி தடுப்பு சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. ஆனாலும் வட்டிக்கு வாங்கி ஒத்திக்கு போகும் பழக்கம் நிற்கவில்லை.

பணம் எங்கே சிக்குகிறது?

ஒத்திப் பணம் வீட்டுக்காரரின் பீரோவில் தூங்குவது இல்லை. மகள் கல்யாணம், மகன் வெளிநாட்டு பயணம், பழைய கடன் என்று வாங்கிய வாரத்திலேயே செலவாகிவிடும்.

பிறகு திருப்பிக் கொடுப்பது எப்படி? அடுத்து வருகிற ஒத்திக்காரரிடம் வாங்கி முந்தையவருக்கு கொடுப்பார். இந்தச் சங்கிலி ஓடும்வரை யாருக்கும் பிரச்சினை தெரியாது. புது ஆள் வரவில்லை, அல்லது குறைந்த தொகைக்குத்தான் வருகிறார் என்றால் சங்கிலி அறுந்துவிடும். "ஆள் வந்ததும் தர்றேன்" என்ற பதிலோடு மாதங்கள் ஓடும்.

இன்னும் சில சிக்கல்களும் உண்டு. வீட்டின் பேரில் ஏற்கனவே வங்கியில் கடன் இருக்கும். தவணை கட்டாமல் போனால் வங்கி வந்து நோட்டீசு ஒட்டும். அல்லது வீட்டுக்காரர் இறந்துபோய், பிள்ளைகள் பாகத்துக்கு சண்டை போடுவார்கள். "எங்க அப்பா வாங்கின பணம் எங்களுக்கு தெரியாது" என்பார்கள். வீட்டை மாத வாடகைக்கு எடுத்த ஒருவரே தன்னை சொந்தக்காரர் போல காட்டிக்கொண்டு வேறு ஒருவருக்கு ஒத்திக்கு விட்டு பணத்தோடு மறைந்துவிடும் மோசடியும் நடக்கிறது.

சட்டப்படி பார்த்தால், பணத்தை வாங்கிக்கொண்டு அதற்கு ஈடாக வீட்டை அனுபவிக்கக் கொடுப்பது ஒருவகை அடமானம். 1882-ம் ஆண்டின் சொத்து மாற்று சட்டம் இதை சொல்கிறது. ரூ.100-க்கு மேற்பட்ட தொகைக்கு இப்படிப்பட்ட அடமானம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம் செலவாகும் என்று இரண்டு தரப்பும் அந்தப் பக்கமே போவது இல்லை. ஒரு முத்திரைத்தாளில் நாலு வரி எழுதி, இரண்டு சாட்சி கையெழுத்தோடு முடித்துவிடுகிறார்கள். பதிவு செய்யாததால் வில்லங்க சான்றில் இந்த ஒத்தி தெரியாது. வீட்டை வாங்க வருகிறவருக்கும் தெரியாது. கடன் கொடுக்கும் வங்கிக்கும் தெரியாது. ரூ.3 லட்சம் கொடுத்தவர் கணக்கிலேயே இல்லாத ஆளாகிவிடுகிறார்.

கடனுக்காக வங்கி வீட்டை எடுக்கும்போது, பதிவு செய்யாத ஒப்பந்தம் வைத்திருக்கும் வாடகைக்காரர் ஒரு வருடத்துக்கு மேல் பாதுகாப்பு கேட்க முடியாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறி இருப்பது குறிப்பிடத்தக்கது.

கொரியாவிலும் இதே கதை

ஒத்தி என்பது நம்ம ஊர் பழக்கம் மட்டும் அல்ல. தென் கொரியாவில் இதற்கு ஜோன்சே என்று பெயர். அங்கேயும் பெரிய தொகையை மொத்தமாக கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இரண்டு வருடம் குடியிருப்பார்கள். வீட்டுக்காரர்கள் அந்தப் பணத்தை வைத்தே அடுத்தடுத்து வீடுகளை வாங்கிக் குவித்தார்கள்.

2022-ல் வட்டி ஏறி, வீட்டு விலை இறங்கியதும் சங்கிலி அறுந்தது. நூற்றுக்கணக்கில் வீடுகள் வைத்திருந்தவர்களே பணம் கொடுக்க முடியாமல் கைவிரித்தார்கள். இளம் வயதினர் பலர் வாழ்நாள் சேமிப்பை பறிகொடுத்தனர். சிலர் உயிரையும் விட்டனர். பெரும் கொந்தளிப்புக்கு பிறகு பாதிக்கப்பட்டவர்களுக்காக 2023-ல் தனிச் சட்டமே கொண்டுவரப்பட்டது.

அங்கே ஜோன்சே பணத்துக்கு இன்சூரன்சு கூட உண்டு. அப்படிப்பட்ட நாட்டிலேயே இந்த கதி என்றால், முத்திரைத்தாளில் நாலு வரி எழுதும் நம்ம ஊர் ஒத்திக்காரர் நிலைமையை சொல்லவே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாடகைக்கு என்று தமிழகத்தில் 1960-ம் ஆண்டு முதல் ஒரு சட்டம் இருந்தது. அதற்கு பதிலாக 2017-ல் நகர்ப்புற வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறை சட்டம் நிறைவேற்றப்பட்டது. 2019-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந்தேதி நடைமுறைக்கு வந்தது.

இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை துணை கலெக்டர் அந்தஸ்துக்கு குறையாத வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இதற்கு தனி இணையதளமும் உள்ளது. பதிவு செய்தால் ஒரு எண் கொடுப்பார்கள்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு மீதியை திருப்பிக் கொடுக்க வேண்டும். வாடகைக்கு ரசீது கொடுக்க வேண்டும். வீட்டைப் பார்வையிட வருவதாக இருந்தால் 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும்.

சண்டை வந்துவிட்டது என்பதற்காக தண்ணீரை நிறுத்துவதோ, கரண்ட் பியூசை பிடுங்குவதோ கூடாது. அப்படி செய்தால் வாடகை அதிகாரியிடம் புகார் செய்து உடனே இணைப்பு திரும்பக் கிடைக்க உத்தரவு வாங்கலாம். வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்பலாம்.

அப்படியானால் அந்த லோடுமேன் கொடுக்க வேண்டிய அட்வான்ஸ் ரூ.50 ஆயிரம் அல்ல, ரூ.15 ஆயிரம்தானே என்று கேட்கலாம். இங்கேதான் ஒரு ஓட்டை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொள்ளாத வரை என்ற வார்த்தை அதே பிரிவில் இருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்து போட்டுவிட்டால் சட்டம் குறுக்கே நிற்காது. வீடு கிடைக்காமல் அலைகிறவர் எதை நீட்டினாலும் கையெழுத்து போடத்தான் செய்வார்.

இன்னொரு விஷயமும் பலருக்கு தெரியாது. இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே வாய்ப்பேச்சில் குடியிருந்தவர்கள், பிறகும் எழுத்து ஒப்பந்தம் போடாமல் விட்டிருந்தால், அதையே காரணமாக காட்டி வீட்டை காலி செய்ய வைக்க வீட்டுக்காரர் வாடகை கோர்ட்டை நாட முடியும். "இருபது வருஷமா இருக்கேன், என்னை யாரு அசைக்க முடியும்" என்று இருப்பவர்கள் இதை கவனிக்க வேண்டும். காகிதம் இல்லாதது பலம் அல்ல. அதுதான் பலவீனம்.

கரண்ட் பில்லும் வெள்ளையடிப்பும்

பெரிய தொகை மட்டும் அல்ல, சில்லறையாகவும் பணம் போகிறது.

வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் ஒரே இணைப்பில் மூன்று குடும்பத்துக்கு சப்-மீட்டர் வைத்திருக்கும் வளவு வீடுகளில் அந்த 100 யூனிட் யாருக்கு போகிறது? வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தானே ஒரு ரேட் போட்டு முதல் யூனிட்டில் இருந்தே வசூலிக்கிறார். தண்ணீர் மோட்டாருக்கு தனி காசு. போர் தண்ணீர் உப்பு என்பதால் நல்ல தண்ணீருக்கு குடம் குடமாக வெளியே தனி காசு.

காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையை அட்வான்சில் பிடிப்பது ஊர் வழக்கமாகிவிட்டது. 2017 சட்டத்தின் அட்டவணையில் வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிப்பது, குழாய் மாற்றுவது, ஒயரிங் வேலை ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு என்று உள்ளது. குழாய் வாஷர், சுவிட்சு, சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதி இருந்தால்தான் மாறும்.

வெள்ளம் காட்டிய பாடம்

2023 டிசம்பர் 17, 18-ந்தேதிகளில் கொட்டிய பேய்மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டி மீட்டர் மழை. தாமிரபரணி கரையோர ஊர்கள் தத்தளித்தன. தூத்துக்குடி டவுனில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது.

தரைத்தள வாடகை வீட்டில் இருந்தவருக்கு கட்டில், பிரிட்ஜ், அரிசி, துணிமணி எல்லாம் போச்சு. சுவர் வீட்டுக்காரருடையது. சாமான் வாடகைக்காரருடையது.

அதிகம் பாதித்த தாலுகாக்களில் ரேஷன் கார்டுக்கு ரூ.6 ஆயிரம் நிவாரணம் கொடுத்தார்கள். அந்த நேரத்தில்தான் முகவரியின் அருமை தெரிந்தது. வீடு மாறி மாறி போகிறவர்களின் கார்டு பெரும்பாலும் பழைய முகவரியிலேயே கிடக்கும். மாற்ற வேண்டும் என்றால் புது முகவரிக்கு ஒரு ஆதாரம் வேண்டும். வாடகை ஒப்பந்தம் அதற்கு உதவும். வீட்டுக்காரர் எழுதித் தராவிட்டால் குடியிருக்கும் ஊரிலேயே அவர் அன்னியர்.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம்

எல்லா வீட்டுக்காரர்களும் பண்ணையார்கள் அல்ல. ரிட்டயர்டு ஆன பணத்தில் மாடியில் ஒரு போர்ஷன் கட்டி, அந்த வாடகையில் மாத்திரை வாங்கும் முதியவர்கள் உண்டு. கணவர் விட்டுப்போன இரண்டு லைன் வீட்டை நம்பி வாழும் பெண்கள் உண்டு.

பழைய சட்டத்தில் ஒருவரை காலி செய்ய வைக்க வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்த அனுபவம் பலருக்கு இருக்கிறது. வாடகையும் தராமல், வீட்டையும் விடாமல் இழுத்தடித்தவர்களும் இருக்கிறார்கள். பத்து மாத அட்வான்ஸ் கேட்பதற்கு அந்த பயமும் ஒரு காரணம். 2022-ல் தமிழகம் முழுவதும் சொத்து வரியும் கூட்டப்பட்டது. வாடகையை எழுத்தில் காட்டினால் வரி ஏறுமோ என்ற கலக்கம் வேறு.

ஆனால் இதற்கும் மருந்து அதே காகிதம்தான். புதிய சட்டப்படி இரண்டு மாத வாடகை பாக்கி வைத்தாலே காலி செய்ய வழக்கு போட முடியும். பதிவு செய்த ஒப்பந்தம் இருந்தால் வீட்டுக்காரருக்கும் பாதுகாப்பு. வாய்ப்பேச்சில் இரண்டு பேருக்குமே பாதுகாப்பு இல்லை.

என்ன செய்ய வேண்டும்?

வீடு பார்க்கும்போது சுவரை மட்டும் பார்த்துவிட்டு வரக்கூடாது. வீட்டு வரி ரசீது, கரண்ட் பில் யார் பெயரில் உள்ளது என்று பார்க்க வேண்டும். பேசுகிறவரும், பெயரும் ஒன்றுதானா என்று உறுதி செய்ய வேண்டும்.

ஒத்தி என்றால் கட்டாயம் வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் இதை காசில்லாமல் பார்க்கலாம். சர்வே நம்பர் தெரிந்தால் போதும். வங்கிக் கடன் பதிவாகி இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். பெரிய தொகை என்றால் செலவைப் பார்க்காமல் பதிவு செய்வதே நல்லது. ரூ.3 லட்சத்தை காப்பாற்ற சில ஆயிரம் செலவு செய்வது வீண் அல்ல.

பணத்தை ரொக்கமாக கொடுக்காமல் வங்கிக் கணக்கு மூலமாக கொடுக்க வேண்டும். செல்போனில் அனுப்பினால் கூட அது ஒரு ஆதாரம்தான். குடியேறும் நாளிலேயே சுவர், குழாய், கதவை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், காலி செய்யும்போது "இதை நீதான் உடைச்சே" என்ற பேச்சு வராது.

ஒத்திப் பணம் கைக்கு வராமல் சாவியை கொடுக்கக் கூடாது. "நீங்க காலி பண்ணுங்க, அடுத்த வாரம் தர்றேன்" என்று சொன்னால் அங்கேயே உஷாராகிவிட வேண்டும். சாவி கையில் இருக்கும்வரைதான் பேச்சுக்கு மதிப்பு.

ஏமாந்துவிட்டால் சும்மா அலைந்துகொண்டு இருக்கக் கூடாது. பண வழக்குக்கு பொதுவாக மூன்று வருடம்தான் கெடு. வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், தொழிற்சாலை தொழிலாளர்கள் ஆகியோருக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம்.

அரசு கவனிக்குமா?

காஞ்சீபுரம் மாவட்டம் வல்லம் வடகால் சிப்காட்டில் 18 ஆயிரத்து 720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு, சுமார் ரூ.706 கோடி செலவில் கட்டப்பட்டு 2024 ஆகஸ்டு 17-ந்தேதி திறக்கப்பட்டது. ஆலை வந்தால் அதோடு சேர்த்து தங்கும் இடமும் வரவேண்டும் என்பதற்கு அது ஒரு நல்ல உதாரணம். தூத்துக்குடி சிப்காட், துறைமுகம் பக்கம் காண்டிராக்ட் தொழிலாளர்களுக்கும் இப்படி போதுமான இடம் வந்தால், டவுன் வாடகை மீதுள்ள பாரம் குறையும்.

கட்டிடம் கட்ட நாள் ஆகலாம். செலவில்லாத வேலைகளும் இருக்கின்றன. மூன்று மாத அட்வான்ஸ் என்ற வரம்பில் உள்ள ஓட்டையை அடைக்கலாம். சின்ன தொகை ஒத்திகளை குறைந்த கட்டணத்தில் பதிவு செய்ய வழி செய்யலாம். வாடகை ஒப்பந்தம் பதிவு செய்வது எப்படி என்று ரேஷன் கடையிலும், பேரூராட்சி அலுவலகத்திலும் ஒரு போர்டு வைக்கலாம். கோரம்பள்ளம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிறவர்களுக்கு நாலு வரியில் நோட்டீசு கொடுக்கலாம்.

ஒரு தொழிலாளியின் ஒத்திப் பணம் என்பது வெறும் பணம் அல்ல. மனைவியின் தாலிக்கொடி, மகளின் படிப்பு, பத்து வருட வேர்வை. வாழ வழியில்லாமல் வந்தவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்து உருவான ஊர் சாயர்புரம். அந்த ஊரில் வீடு தேடி வருகிறவர் கையில் சாவி கொடுக்கும்போது, கூடவே ஒரு காகிதமும் கொடுக்க வேண்டும் என்பதே வாடகைக்கு குடியிருப்போரின் எதிர்பார்ப்பாக உள்ளது.